கையிருப்பில் ஏழு வருடம்

பொய் வழக்கில் ஏழு வருடம் விசாரணைக் கைதியாகக் கிடந்த தங்கப்பழத்தை நிரபராதி என்று விடுவித்தார்கள். புதுச் சட்டப்படி, அந்த ஏழு வருடத்தை அவன் இனிமேல் செய்யும் குற்றத்தின் தண்டனையில் கழித்துக்கொள்ளலாம்.

மறுநாளே மில் முதலாளி வீடு தேடி வந்தார்.

"என் பையன் ஒரு பொண்ணு மேல கார ஏத்திட்டான். நீ ஓட்டுனதாச் சொல்லிரு. ஜெயிலுக்குப் போக வேண்டாம், நேரா வீட்டுக்கு வந்துரலாம்."

"முடியாது" என்றாள் அவன் மனைவி பேச்சியம்மா.

"அப்போ பழைய வழக்க மறுபடி தோண்டச் சொல்லட்டுமா?"

தங்கப்பழம் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

தண்டனையைக் கழித்துக்கொண்டு அவன் திரும்பியபோது, இறந்த பெண்ணின் தாய் வாசலில் நின்றிருந்தாள். அவள் திட்டவில்லை.

"கடைசியா எம்புள்ள தண்ணி கேட்டாளாய்யா?"

விபத்து நடந்த இடத்தைக்கூடப் பார்த்திராத தங்கப்பழம் தலைகுனிந்து சொன்னான்.

"கேட்டா தாயி. குடுத்தேன்."