பட்டியலில் முதல் பெயர்

"மருந்து வாங்க வந்தவங்க அந்த வரிசையில நில்லுங்க ஐயா" என்றாள் எவாந்தியா, நோட்டிலிருந்து தலையைத் தூக்காமலே.

எதிரே நின்றவருக்கு அறுபது வயதிருக்கும். ஒரு வாரத் தாடி, கசங்கிய கறுப்புச் சட்டை. துறைமுக ஊரான பெராமாவில் இப்படிப்பட்டவர்களுக்குப் பஞ்சமில்லை. கப்பல் பட்டறைகள் படுத்ததிலிருந்து பாதி ஊருக்கு வேலை கிடையாது, வேலை போனால் இன்சூரன்ஸும் கையோடு போய்விடும். அப்படிப் போனவர்களுக்காகத்தான், மூடிக் கிடந்த ரொட்டிக் கடையில் ஊர்க்காரர்களே சேர்ந்து இந்த இலவச மருந்தகத்தை நடத்துகிறார்கள்.

"வாங்க வரலம்மா. குடுக்க வந்தேன்" என்றார் அவர். கோட்டுக்குள்ளிருந்து ஒரு காகிதப் பையை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

எவாந்தியாவுக்கு முகம் சிவந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை மட்டும் இங்கே உட்காரும் பள்ளிக்கூட டீச்சர் அவள். ஆளைப் பார்த்து எடை போடக் கூடாது என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவள்.

"மன்னிச்சுக்குங்க ஐயா. உக்காருங்க, உக்காருங்க."

வீட்டில் மீந்துபோன மருந்தைக் கொண்டுவந்து கொடுப்பது இங்கே வழக்கம்தான். பாதி அட்டை மாத்திரை, கால் பாட்டில் டானிக், எதுவானாலும் வாங்கிக்கொள்வார்கள். தேதியைப் பார்ப்பார்களே தவிர, கொடுப்பவர் பெயரைக் கேட்பதில்லை.

பையைப் பிரித்த எவாந்தியா அப்படியே நின்றுவிட்டாள். உள்ளே மூன்று பெட்டிகள், மார்புப் புற்றுநோய் மாத்திரை.

"பாபிஸ்! இங்க ஓடி வாங்க!"

அலமாரிக்குப் பின்னாலிருந்து பாபிஸ் தன் தொப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். முப்பது வருடம் மருந்துக் கடை வைத்திருந்து ஓய்வு பெற்றவர். "என்ன, மந்திரி வந்துட்டாரா? வரிசையில நிக்கச் சொல்லு" என்றவர், பெட்டியைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டார்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஜெர்மன் எழுத்து. தேதி இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. ஒட்டுக்கூடப் பிரிக்கல, எவாந்தியா. மூணும் புத்தம் புதுசு."

"தம்பி அங்க இருக்கான்" என்றார் வந்தவர். "அவன் அனுப்பினது. பார்சல் வந்து நாலு நாள் ஆச்சு. எங்களுக்குத் தேவைப்படல."

"ஜெர்மனியில தம்பி இருந்தா வேற என்ன வேணும்! குடுத்து வெச்சவங்க ஐயா நீங்க" என்றாள் எவாந்தியா. பொறாமையில்லாமல்தான் சொன்னாள்.

அவர் தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டே இருந்தார்.

எவாந்தியாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. காத்திருப்பவர்கள் பட்டியலைப் பரபரவென்று புரட்டினாள். "பாருங்க, முதல் பேரே அவங்கதான். ஸ்டமாத்தியா. மூணு மாசமா இதே மாத்திரைக்குக் காத்திருக்காங்க. ஆஸ்பத்திரியில இன்சூரன்ஸ் இல்லேன்னு கையை விரிச்சுட்டாங்களாம்."

"ஒவ்வொரு செவ்வாயும் வருவாங்க" என்றார் பாபிஸ். "இல்லேன்னு சொன்னா, சரின்னுட்டு எங்களுக்கு எலுமிச்சம்பழம் குடுத்துட்டுப் போவாங்க. கோவப்பட்டுத் திட்டினாலாவது நமக்கு மனசு ஆறும்."

"இப்ப மூணு வாரமா அவங்க வரவே இல்ல" என்றாள் எவாந்தியா. மூன்று மாதமாக அந்த முகத்தைப் பார்த்து 'இல்லம்மா' என்று சொல்லிச் சொல்லி அவளுக்குச் சோறு இறங்காத நாட்கள் உண்டு. "நம்பி வந்தவங்களை அலைய விட்டுட்டோம். எங்களை வெறுத்துட்டாங்க போல."

"அந்தம்மா அப்படி ஒண்ணும் நினைச்சிருக்க மாட்டாங்க" என்றார் வந்தவர். சொல்லிவிட்டு எழுந்தார். "நான் வரேம்மா."

"எங்க போறீங்க? இருங்க ஐயா! இப்பவே அவங்களுக்குப் போன் போடறேன். அந்த சந்தோஷத்தை உங்க காதால கேட்டுட்டுத்தான் போகணும். இதைவிடப் புண்ணியம் ஏது?"

"அதெல்லாம் வேணாம். நான் போனப்புறம் பண்ணிக்குங்க" என்றார் அவர் அவசரமாக. கை கதவின் பிடிக்குப் போய்விட்டது.

"கூச்சப்படறாரு பாரு மனுஷன்!" பாபிஸ் சிரித்துக்கொண்டே போய் அவர் தோளில் கைபோட்டு நிறுத்தினார். "ரெண்டு நிமிஷம். நாங்களும் ஒரு நல்ல சேதி சொல்லி எத்தனை நாளாச்சு தெரியுமா?"

எவாந்தியா பட்டியலைப் பார்த்து ஒவ்வோர் எண்ணாக அழுத்தினாள். எடுத்தவுடன் என்ன சொல்வது என்று மனத்துக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். வரிசையில் நின்ற பெண்கள்கூடப் பேச்சை நிறுத்திவிட்டு அவள் முகத்தையே பார்த்தார்கள்.

மணி அடித்தது. அவள் காதில் மட்டுமில்லை, அந்த அறையிலேயே அடித்தது.

பாபிஸின் கை வந்தவரின் தோளிலிருந்து தானாக இறங்கியது.

அவர் திரும்பி வந்தார். கோட்டுப் பையிலிருந்து பூப்போட்ட உறை போட்ட ஒரு சிறிய போனை எடுத்து, அடிக்க அடிக்கவே அந்த மூன்று பெட்டிகளுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"ரெண்டாவதா இருக்கறவங்களுக்குப் போடும்மா."