நொடி பிசகாது

"ஒரு நொடிகூடப் பிசகாதுன்னு வெளியில பலகை தொங்குது. இங்க பாருங்க, மொத்தமாவே நின்னுடுச்சு."

மகன் கைக்கடிகாரத்தைக் கண்ணாடி மேஜைமேல் வைத்தான். வைத்தான் என்பது மரியாதைக்குச் சொல்வது.

கடிகாரக்காரர் கண்ணில் மாட்டியிருந்த லென்ஸைக் கழற்றினார். ஒவ்வொரு கடிகாரத்தையும் தன் கையாலேயே செய்து, கிடத்தியும் நிறுத்தியும் கவிழ்த்தும் வாரக்கணக்கில் சோதித்த பிறகே கடையை விட்டு வெளியே அனுப்புகிற மனிதர். அவரிடம் நேரம் கேட்டு ரேடியோக்காரர்கள் திருத்திக்கொள்கிறார்கள் என்று தெருவில் கேலி பேசுவார்கள்.

கடிகாரத்தை எடுத்து லேசாக ஆட்டினார். முள் நகர்ந்தது.

"ஓடுதே தம்பி."

"உங்க கையில ஓடும். எங்கப்பா கையில காபி குடிச்சு முடிக்கறதுக்குள்ள படுத்துடுது. சாவி கொடுக்கலாம்னா அதுக்கும் வழியில்ல."

"இதுக்குச் சாவி கிடையாது. கட்டியிருக்கறவங்க கை அசைய அசைய அதுவே முறுக்கேத்திக்கும்."

"அதைத்தான் கேக்கறேன். வாதம் வந்து எங்கப்பாவோட இடது கை மாசக்கணக்கா கட்டை மாதிரி மடியில கிடக்கு. பயிற்சி பண்ணலைன்னா அப்படியே போயிடும்னு டாக்டர் சொல்லியாச்சு. அழுத்தறதுக்குப் பந்து வாங்கிக் கொடுத்தோம். ஜன்னல் வழியா தெருவுல வீசிட்டாரு. அந்தக் கைக்குப் போய் இப்படி ஒரு வாட்சா?"

"வலது கையில கட்டிப் பாருங்களேன்."

"வாட்ச்னா இடது கைதான்னு பிடிவாதம்."

பக்கத்தில் அம்மா நின்றிருந்தாள். சுவரிலிருந்த கடிகாரங்களை அன்றுதான் முதல்முறை பார்ப்பவள்போல ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பஸ் டிப்போவுல டைம் கீப்பரா இருந்தவர் சார் எங்கப்பா. விசில் ஊதி ஊதியே வாழ்க்கையை ஓட்டினவர். வீட்டுல துணி காயப்போடறதுகூட நேரம் தப்பாம அவரேதான் செய்வாரு. இப்ப நின்னுபோன வாட்சை வெறிச்சுப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு. பாக்கச் சகிக்கல. பேசாம இதுல ஒரு பேட்டரி போட்டுக் கொடுங்க."

"போட முடியாது."

"அப்ப வேற மாத்திக் கொடுங்க."

"அதுவும் முடியாது. இதுல பழுது ஒண்ணும் இல்ல."

கடையின் மறுகோடியில் கடிகாரம் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்த ஒருவர், கையிலிருந்ததை மெல்லக் கீழே வைத்தார். "அப்புறமா வர்றேன்" என்று நழுவினார். கடிகாரக்காரர் அவர் போவதையே பார்த்தார்.

"எவ்வளவு திமிர்" என்றான் மகன். "உன்னைச் சொல்லணும்மா. இந்தக் கடையிலதான் வாங்கணும்னு ஒத்தக் கால்ல நின்னியே."

"இன்னும் கொஞ்ச நாள் பாக்கலாம்ப்பா."

"பாத்துட்டு? அந்தப் பலகையைக் கழட்ட வைக்கறேனா இல்லையா, பாரு."

பலகை கழலவில்லை. மழைக்காலம் போய் வெயில் வந்த ஒரு காலையில் மூன்று பேருமாகக் கடைக்கு வந்தார்கள். முன்னால் ஊன்றுகோலோடு அப்பா.

மகனின் குரல் இறங்கியிருந்தது. "அன்னிக்குக் கொஞ்சம் அதிகமா பேசிட்டேன் சார். இப்ப நிக்காம ஓடுது. வார்தான் பிஞ்சு போச்சு, மாத்தணும். எனக்குத் தெரியாம அம்மா கொண்டுவந்து சரி பண்ணிட்டாங்க போல."

"அன்னிக்கு அப்புறம் இது என் கைக்கு வரவே இல்லையே தம்பி."

"பின்ன எப்படி?"

அப்பா குறுக்கே புகுந்தார். "எப்படியா? ஏன்யா கடிகாரக்காரரே, வாட்சா செஞ்சீரு? கைக்குழந்தையைச் செஞ்சு என் கையில கட்டி விட்டிருக்கீரு. ஆட்டிக்கிட்டே இருக்க வேண்டியிருக்கு."

"கழட்டி, வலது கையால ஆட்டியிருக்கலாமே அய்யா?"

"அது, வண்டியை எடுக்காமலே ட்ரிப் எழுதற வேலை. என்கிட்ட நடக்காது. முதல்ல இந்தக் கையால அந்தக் கையைத் தூக்கித் தூக்கி விட்டேன். அப்புறம் அதுவே கொஞ்சம் வழிக்கு வந்துச்சு. எத்தனை டிரைவருங்களை அதட்டி வண்டியை எடுக்க வச்சிருக்கேன். இந்தப் பொடிப்பயல் என்னை ஜெயிச்சிடுவானா?"

சொல்லிக்கொண்டே இடது கையைக் கடிகாரக்காரரின் நெஞ்சுக்கு நேரே நீட்டி ஆட்டினார். மெதுவாகத்தான். ஆனால் ஆட்டினார்.

"ஒண்ணு சொல்லணும். ஓடற வரைக்கும் நொடி பிசகலைய்யா."

மகன் அந்தக் கையையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தான். கை தேறி வருவது அவனுக்குத் தெரியும். இத்தனை நாளும் டாக்டருக்குத்தான் நன்றி சொல்லிக்கொண்டிருந்தான்.

கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, எதிர் நிறுத்தத்தில் வந்து நின்ற பஸ்ஸை விசாரிக்கக் கிளம்பினார் அப்பா. மகன் பின்னாலேயே ஓடினான்.

கடிகாரக்காரர் புது வாரை மாட்டியபடியே குரலைத் தாழ்த்தினார்.

"நீங்க கேட்ட மாதிரி குட்டை ஸ்பிரிங்தான் போட்டேன். என் மத்த கடிகாரமெல்லாம் கழட்டி வச்சாலும் ரெண்டு நாள் ஓடும். போதும்மா, இப்ப அந்தப் பெரிய ஸ்பிரிங்கைப் போட்டுடவா? என் பேரு கெட்டதும் போதும்."

அம்மா வாசலை எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

"இன்னும் கொஞ்சம் குட்டையா போடுங்க. துணி காயப்போடற கொடி வரைக்கும் அவர் கை இன்னும் எட்டலை."