நாற்பத்துநாலாயிரத்து நூறு

"இன்னொரு தடவை போடு" என்றான் அண்ணன்.

போட்டேன். அப்பாவின் குரல் கரகரவென்று கிளம்பி, பாதியில் நின்று, விக்கி, மறுபடி கிளம்பியது. தகரத்தின் மேல் சரளைக்கல்லைக் கொட்டியது மாதிரி இருந்தது.

பழைய கணினி போய்ச் சேர்ந்து ஒன்பது நாள் ஆகிறது. இருபத்திரண்டு வருடம் உழைத்த பெட்டி. மதர்போர்டு புகைந்துவிட்டது, நல்லவேளையாக டிஸ்க் பிழைத்தது. அதை அப்படியே நகலெடுத்து என் லேப்டாப்பில் ஒரு விர்ச்சுவல் மெஷினாக, கணினிக்குள் இன்னொரு கணினியாக, ஏற்றியிருந்தேன். புதுத் திரையின் நடுவில் ஒரு ஜன்னல், அதற்குள் எங்கள் பழைய லினக்ஸ், அதே மங்கிய நீலத்தில். அதைப் பார்த்ததும் எங்கள் பழைய வாடகை வீடு, அந்த ஆடும் மேசை, எல்லாம் ஞாபகம் வந்தது. சத்தம் மட்டும் ஒழுங்காக வரவில்லை.

எனக்கு வேலையே லினக்ஸோடுதான். ஓர் ஆஸ்பத்திரியின் சர்வர்களையெல்லாம் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அங்கே முந்நூறு கணினிகள் என் பேச்சைக் கேட்கும். வீட்டில் இந்த ஒன்று என் மானத்தை வாங்கியது.

அப்பாவின் குரல் அந்த டிஸ்க்கில் மட்டும்தான் இருக்கிறது. வேறு எங்கேயும் கிடையாது.

சவுண்ட் கார்டின் வகையை மாற்றினேன். கரகர. ஒலியைத் தேக்கிவைத்து அனுப்பும் பஃபரைக் கூட்டினேன். விக்கல் நின்றது, கரகரப்பு நிற்கவில்லை. அண்ணன் போனில் யார் யாரோ எழுதிவைத்த தீர்வுகளைத் தேடி ஒவ்வொன்றாக வாசித்தான். ஒவ்வொன்றும் இன்னொன்றுக்கு நேரெதிர்.

சோதித்துப் பார்க்க, அப்பா சேமித்துவைத்த வரிகளையே திரும்பத் திரும்ப ஓட்டினேன். "ஏழு மணி ஆச்சு, எந்திரிங்க." "ஷூவை வாசல்லயே கழட்டுங்க." "ரெண்டு பேரும் நிறுத்துங்க, யார் முதல்ல ஆரம்பிச்சது?" பத்து வயதில் காதைப் பொத்திக்கொண்ட வரிகள். அப்பா கோபத்தில்கூடக் குரலை உயர்த்தியதில்லை. ஒரே சுருதியில் திட்டுவார், அதுதான் இன்னும் பயமாக இருக்கும்.

மூன்றாவது வரி வந்ததும் அண்ணன் என்னைப் பார்த்தான். "நீதான்டி ஆரம்பிச்ச."

போன வாரம் இவன்தான் புதுக் குரல்களை இறக்கிக்கொண்டுவந்து போட்டுக் காட்டினான். எல்லாம் கண்ணாடி மாதிரி தெளிவு. அம்மா ஒன்றைக் கேட்டாள், அவ்வளவுதான். "யாரோ ஒரு ஆம்பளை என் வீட்டுல எதுக்குப் பேசணும்? எடுத்துட்டுப் போடா." அவர் குரல் திரும்பி வராவிட்டால் இந்த வீடு இப்படியே ஊமையாகக் கிடக்கட்டும் என்றும் சொல்லிவிட்டாள்.

பதினொன்றரை மணிக்கு, விர்ச்சுவல் மெஷினுக்கு இன்னொரு பிராசசரை ஒதுக்கி, ஒலி டிரைவரையும் மாற்றிப் போட்டதும், கரகரப்பு சுத்தமாகப் போய்விட்டது. துள்ளிக் குதிக்காத குறையாக அம்மாவைக் கூப்பிட்டேன்.

அம்மா சமையலறை வாசலில் கரண்டியோடு நின்று கேட்டாள்.

"இது அவர் இல்ல" என்றாள்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. மூன்று மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டவள் நான். வீம்புக்கு இன்னொரு தடவை போட்டேன். அம்மா சொன்னது சரிதான். தெளிவாகத்தான் இருந்தது, ஆனால் மெலிசாக, அவசரமாக, முதல் நாள் வகுப்பெடுக்க வந்த வாத்தியார் மாதிரி பேசியது.

அப்போதுதான் உறைத்தது. அந்த டிஸ்க்கில் குரலை ஓட்டும் புரோகிராம் ஒலியைத் துணுக்குகளாக நறுக்கி, நொடிக்கு நாற்பத்தெட்டாயிரம் என்று கணக்கு வைத்து அனுப்புகிறது. பழைய சவுண்ட் கார்டுக்கு நாற்பத்துநாலாயிரத்து நூறுக்கு மேல் ஓடத் தெரியாது. அதனால் ஒவ்வொரு சொல்லையும் இழுத்து, கனமாக்கி வெளியே விட்டிருக்கிறது. இருபத்திரண்டு வருடமும் அது தப்பாகத்தான் பேசியிருக்கிறது. அந்தத் தப்பைத்தான் அப்பாவின் குரல் என்று நாங்கள் நம்பியிருக்கிறோம்.

சரியாக இருந்ததை வேண்டுமென்றே கெடுத்தேன். ஆஸ்பத்திரியில் இப்படிச் செய்தால் வேலை போய்விடும். ஒலி வெளியே வரும் வேகத்தில் நாற்பத்தெட்டாயிரத்தை அழித்து நாற்பத்துநாலாயிரத்து நூறு என்று அடித்தேன்.

"ஏழு மணி ஆச்சு, எந்திரிங்க."

கனமாக, நிதானமாக, எங்கள் அப்பா. எனக்கு அழுகை வந்துவிட்டது. அண்ணன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே எழுந்துபோய்ப் பக்கத்து அறைக் கதவைத் திறந்தான்.

"அப்பா, வாங்க. ரெடி."

அப்பா வந்தார். என் முதுகுக்குப் பின்னால் நின்று முறைத்துக்கொண்டே இருந்தாரென்று காலையில் நான்தான் அவரை அங்கே விரட்டியிருந்தேன். எனக்கு எட்டு வயதாக இருந்தபோது ஆபரேஷன் செய்து அவருடைய குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கூட வேலை பார்த்த நண்பர் ஒருவர் இந்தப் புரோகிராமை எழுதிக் கொடுத்தார். அன்றிலிருந்து அப்பா தட்டுவார், பெட்டி பேசும். அவருடைய சொந்தக் குரல் எனக்கு ஞாபகமே இல்லை.

பெட்டி புகைந்த அன்று காலையில், பாலைப் பொங்கவிட்டதற்காக அம்மா அவரைப் பிடிபிடியென்று பிடித்தாள். உங்களைக் கட்டிக்கிட்டு என்ன சுகத்தைக் கண்டேன் என்றுகூடக் கேட்டுவிட்டாள். அவர் பதில் தட்டிக்கொண்டிருந்தபோதுதான் புகை வந்தது. இந்த ஒன்பது நாளில் மருந்து, காய்கறி, கரண்ட் பில் எல்லாவற்றையும் காகிதத்தில் எழுதிக் காட்டினார். அந்தப் பதிலை மட்டும் எழுதவில்லை.

அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு இரண்டு விரலால் தட்டினார்.

"என்ன சுகத்தைக் கண்டேன்னு அன்னைக்குக் கேட்டியே. சொல்றேன், வந்து உட்காரு."

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.