பன்னிரண்டு நிமிஷக் கோடு

"இது எந்தா மாஷே?" என்று மலையாளத்தில் கேட்டார் வாகன அதிகாரி.

சுவக்கீன் வாத்தியார் மேஜைமேல் விரித்தது ஒரு கிராஃப் தாள். காந்தலூர்ப் பள்ளியில் பௌதிகம் நடத்துகிறவர் அவர். மறையூருக்கு இறங்கிய காலை பஸ் கவிழ்ந்து அன்றோடு பத்தொன்பது நாள். காயம் பட்டவர்கள் பதினோரு பேர். செத்தது ஒரே ஓர் ஆள், வாத்தியாரின் மனைவி மதலேனம்மாள்.

"அந்த வண்டியோட ஓட்டம் சார். குறுக்கே நேரம், மேலே தூரம். வழியில பார்த்தவங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் போய் மணி கேட்டுப் புள்ளி வச்சேன்."

சுவரோரம் கண்டக்டர் சென்னிமலை நின்றிருந்தான். பக்கத்து பெஞ்சில் டிரைவர் நல்லதம்பி, இடது கையில் மாவுக்கட்டோடு, தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஆறு வருடமாக ஒரே வண்டியில் ஓடியவர்கள் இருவரும்.

"வண்டியில ஆள் கூடுதலோ?" என்று கேட்டார் அதிகாரி.

"எடையில தப்பில்லை சார். என்னைக்கும் போல முப்பது பேர்தான். பூமி அதை இழுக்கிறதும் என்னைக்கும் போலத்தான். மாறினது வேகம் ஒண்ணுதான்."

வாத்தியாரின் விரல் தாளில் நகர்ந்தது.

"சிலுவைமேட்டுல இருந்து ஆறாவது வளைவு அஞ்சு கிலோமீட்டர். முழுக்க இறக்கம். தினமும் கால்மணி நேரம் ஆகும். அன்னைக்கு ஆறே நிமிஷம். கோடு எப்படிச் செங்குத்தா நிக்குது பாருங்க. வேகம் ரெண்டு மடங்கானாலே, பிரேக் பிடிச்சு நிறுத்த நாலு மடங்கு இடம் வேணும். அந்த வளைவுல இடம் ஏது?"

குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. வகுப்பில் நடத்துகிற மாதிரியே சொன்னார். கடைசிப் புள்ளிக்கு வந்ததும் விரல் அங்கேயே நின்றுவிட்டது.

"இருபது வருஷமா போர்டுல போடுற படம்தான் சார். இதுல கோடு முடியுற இடத்துல என் வீட்டுக்காரி கிடக்கா."

அதிகாரி தாளைத் தன் பக்கம் திருப்பினார்.

"இந்த இடத்துல மாத்திரம் கோடு படுத்துக் கிடக்குதே?"

"வண்டி நின்னுருக்கு சார். நேரம் போகுது, தூரம் போகலை. ஏழு பத்துல இருந்து ஏழு இருபத்திரண்டு வரைக்கும். அதுவும் எங்க வீட்டு ஸ்டாப்புல. பன்னிரண்டு நிமிஷம் சும்மா நின்னுட்டு, அந்த நேரத்தைப் பிடிக்கத்தான் இப்படி ஓட்டியிருக்கான். ஏன் நின்னான்? அதை மட்டும் எனக்குக் கேட்டுச் சொல்லுங்க சார்."

அதிகாரி டிரைவரைப் பார்த்தார். "எதுக்கு நிறுத்தினே?"

சென்னிமலை தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஓரடி முன்னால் வந்தான். நல்லதம்பி நிமிர்ந்து அவனை ஒரு பார்வை பார்த்தார். அவன் அப்படியே நின்றுவிட்டான்.

"டீ குடிச்சனுங்க" என்றார் நல்லதம்பி.

"பன்னிரண்டு நிமிஷமா?"

"ரெண்டு டீங்க. ஒரு பீடிங்க. பேச்சுவாக்குல நேரம் போயிருச்சுங்க. அப்புறம், மறையூர்ல மூணாறு பஸ்ஸைப் புடிக்கோணும்னு வண்டில இருந்தவீங்க சத்தம் போட்டாங்க. வெரசா ஓட்டீட்டனுங்க. தப்பு எம்மேலதானுங்க."

வாத்தியார் எழுந்தார்.

"ரெண்டு டீ... ரெண்டு டீக்காக அவளைக் கொன்னுட்டியேடா, பாவி!"

அதிகாரி சென்னிமலை பக்கம் திரும்பினார்.

"கண்டக்டரே, இவன் சொல்றது சரிதானா?"

அறையில் இருந்த எல்லோரும் சென்னிமலையைப் பார்த்தார்கள். நல்லதம்பியின் கண் அவனை விட்டு நகரவில்லை.

"ஆமாங்க" என்றான் கடைசியில். "டீதானுங்க."

அதிகாரி எழுதினார். லைசென்ஸ் ரத்து, போலீஸ் கேஸ் தனியாக வரும். நல்லதம்பி காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். வாத்தியார் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, டிரைவர் பக்கம் திரும்பாமலே வெளியேறினார். வாசலில் நின்ற கூட்டத்தில் ஒருத்தன் நல்லதம்பியின் காலடியில் காறித் துப்பினான்.

ரோட்டுக்கு வந்ததும் சென்னிமலைக்குத் தாங்கவில்லை.

"ஏனுங்கண்ணா, நீங்க அன்னிக்கு சீட்டை உட்டே அசையலீங்களே! வண்டியேறி உக்காந்த பொறகு வாத்தியாரூட்டம்மாதான பதறுச்சு? 'ஊட்டுச் சாவியைக் கையோட கொண்டாந்துட்டேன், டியூசனுக்குப் போன சார் மத்தியானம் பசியோட வாசல்ல நிப்பாரு, வாசல் நிலைமேல வச்சுட்டு ஓடியாந்துடறேன்'னு உங்ககிட்டத்தான கெஞ்சுச்சு? நீங்க பாவம்னு நின்னீங்க. வண்டில இருந்தவீங்க டீக்குத்தான் நின்னோம்னு நெனச்சாங்க, நம்ம ரெண்டு பேருக்கு மட்டும் தெரிஞ்ச சங்கதிங்க அது. சொல்லியிருந்தா ஆபீசரு கொஞ்சமாச்சும் எரக்கப்பட்டிருப்பாருங்க. அந்த மனுசன் வாயால பாவின்னு கேக்கோணுமுங்களா?"

நல்லதம்பி, தூரத்தில் தனியாக நடந்துபோகும் வாத்தியாரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சொல்லியிருக்கலாம் சென்னிமலை" என்றார் மெதுவாக. "அப்புறம் அந்தச் சாவியைப் போட்டு அவரு எப்படிப்பா தெனமும் கதவைத் தெறப்பாரு?"