பத்து இருபத்தைந்து

ஸ்ஃபாக்ஸ் நகரத்து ஆபரேஷன் தியேட்டர் ஒன்றில் நர்ஸ் மப்ரூக்கா வைத்ததுதான் சட்டம். தயாரித்து ஒரு மணி நேரம் தாண்டிய டிரிப்ஸ் பாட்டிலை, யார் சிபாரிசு செய்தாலும் தொட்டியில் கொட்டிவிடுவாள். அதற்காகவே ஒவ்வொரு பாட்டிலிலும் தயாரித்த நேரத்தைச் சீட்டில் எழுதி ஒட்டுவாள்.

அன்று காலை ஸ்டாண்டில் ஏற்கெனவே ஒரு பாட்டில் தொங்கியது. சீட்டில் அவளுடைய கையெழுத்து: பத்து இருபத்தைந்து. சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்பதே முக்கால்.

"ஒரு மணி நேரம் தாண்டலையேக்கா! ஏத்திவிடுங்க," என்று சிரித்தார் டாக்டர் ஷாத்லி.

"இது இன்னும் யாரும் தயார் பண்ணாத பாட்டில், டாக்டர் தம்பி. மனுஷ உடம்புல ஏத்த மாட்டேன்."

கொட்டினாள். புதிதாக ஒன்றைத் தயாரித்து, மேஜையில் கிடந்த மீனவருக்கு ஏற்றினாள். ஆபரேஷன் தொடங்கியது.

பத்து இருபத்து நான்குக்கு அவள் விரல்கள் தாமாகவே பேனாவைத் தேடின. மப்ரூக்கா பேனாவைக் குப்பைக்கூடையில் வீசிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள்.

நொடிமுள் மூன்று சுற்று வந்தது. நிமிடமுள் அசையவில்லை.

"கடிகாரம் நின்னுபோச்சாக்கா?"

"நிக்கல. நான் எழுதணும்னு காத்திருக்கு," என்றாள் மப்ரூக்கா. "காத்திருக்கட்டும்."