அசல் தூத்துக்குடி மக்ரூன்

“இன்னா மிஸ், ஊருக்குப் போய்ட்டு வந்த மூஞ்சியாவே இல்லியே. தூத்துக்குடி வெயிலு உங்க மேல மட்டும் படலியா?”

பள்ளிக்கூட ஆயா கிளியம்மாள் இப்படிக் கேட்டதும் ஜென்சி கையிலிருந்த மக்ரூன் பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“ஏசி கோச்சுல போனேன், ஆயா.”

பொய். ஏசி கோச்சும் இல்லை, தூத்துக்குடியும் இல்லை.

சொந்த ஊரில் அக்கா மகளுக்கு நிச்சயதார்த்தம் என்றுதான் லீவு லெட்டரில் எழுதியிருந்தாள். போனதென்னவோ பொழிச்சலூருக்கு, அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் இன்டர்வியூவுக்கு. பம்மல் வீட்டிலிருந்து முடிச்சூரில் இருக்கிற இந்தப் பள்ளிக்கு இரண்டு பஸ் மாறி ஒன்பது வருஷம் வந்தாயிற்று. அடைமழை என்றால் முட்டியளவுத் தண்ணீரில் நடை வேறு. பொழிச்சலூர் என்றால் பத்து நிமிஷம்.

அங்கே இன்னும் முடிவு சொல்லவில்லை. அதற்குள் இங்கே தெரிந்தால் இருக்கிற வேலையும் போய்விடும். வேறு இடத்தில் வேலை தேடுகிறவர்களை, “சோறு போட்ட பள்ளிக்கூடத்துக்குத் துரோகம்” என்று மேஜையைத் தட்டி, அன்றைக்கே வெளியே அனுப்பிவிடுவார் ஹெட்மாஸ்டர் சத்தியநாதன்.

அதைவிடப் பெரிய ஆபத்து சாருடைய நாக்கு.

ஊருக்குப் போய் வந்தவர்களிடம் சார் டிக்கெட் கேட்க மாட்டார். ஸ்வீட் கேட்பார். டிக்கெட்டைப் போட்டுவிட்டு யாரும் கேன்சல் செய்யலாம், நாக்கை ஏமாற்ற முடியாது என்பது அவர் கட்சி. கோவில்பட்டி கடலைமிட்டாயைக் காதோரம் வைத்து உடைத்துச் சத்தம் கேட்பார். மணப்பாறை முறுக்கை எக்ஸ்ரே பார்க்கிற டாக்டர் மாதிரி வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். மக்ரூன் என்றால் கேட்கவே வேண்டாம். சார் தூத்துக்குடிக்காரர், மக்ரூன் தின்றே பல் முளைத்தவர்.

“என் கதை ஞாபகம் இருக்கில்ல?” என்றார் ஸ்டாஃப் ரூமில் கணக்கு வாத்தியார் உமேஷ்.

யாருக்கு மறக்கும்? ஸ்ரீவில்லிபுத்தூர் போவதாக லீவு போட்டுவிட்டு, வீட்டில் குப்புறப் படுத்துத் தூங்கிவிட்டு, தாம்பரத்தில் வாங்கிய பால்கோவாவை நீட்டினார். சார் டப்பாவைத் தொட்டுப் பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “ஏன் உமேஷ், ரயில்ல பிரிட்ஜையும் ஏத்திக்கிட்டு வந்தீங்களா?”

அன்று தொடங்கிய சாயங்கால வேன் டியூட்டி உமேஷுக்கு இன்னும் முடிந்தபாடில்லை.

“அவங்க நிஜமாவே போய்ட்டு வந்தவங்க, அவங்களுக்கென்ன பயம்?” என்ற சின்மயி மிஸ், பெட்டியை எட்டிப் பார்த்தாள். “ஏன்க்கா, கடைப் பேரே போடலை?”

“நல்ல கடைக்குப் பேர் எதுக்கு?” என்றாள் ஜென்சி. நேற்று சாயங்காலம், மேற்குத் தாம்பரத்தில், ‘எல்லா ஊர் இனிப்பும் கிடைக்கும்’ என்று போர்டு மாட்டியிருந்த கடையில் வெள்ளைப் பெட்டியாகப் பார்த்துக் கேட்டு வாங்கியது.

முதல் பீரியட் மணிக்கு முன்னால் சார் வந்துவிட்டார். பேச்சு அடங்கியது.

பெட்டியை இரண்டு கையாலும் வாங்கினார். தூக்கி எடை பார்த்தார். அடியில் தடவினார். மூடியைத் திறந்து ஒன்றை எடுத்து நாக்கில் வைத்துக் கண்ணை மூடினார்.

ஸ்டாஃப் ரூமே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. இந்த மனுஷனுக்கு இன்றைக்குப் பார்த்து ஜலதோஷம் பிடித்திருக்கக் கூடாதா, ஆண்டவரே என்று ஜென்சி மனசுக்குள் ஜெபம் பண்ணினாள்.

சார் கண்ணைத் திறந்தார். “அசல்.”

“சார்?”

“அசல் தூத்துக்குடி. அந்த உப்புக்காத்துல அடிச்ச முட்டை வெள்ளைதான் நாக்குல இப்படிக் கரையும். தாம்பரத்துல தலைகீழா நின்னாலும் இது வராது. உமேஷ், சாப்பிட்டுப் பாருங்க. வித்தியாசம் தெரியும்.”

உமேஷ் சாப்பிட்டார். “நல்லாவே தெரியுது, சார்.”

சின்மயிக்குக் கடல் வாசனையே வந்துவிட்டது.

ஜென்சிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இவ்வளவுதானா? இந்த நாக்குக்கா ஒன்பது வருஷம் நடுங்கினோம்?

மணி அடித்து எல்லோரும் கலைந்தார்கள். சார் மட்டும் நகரவில்லை.

“ஜென்சி மிஸ், ஒரு நிமிஷம்.”

சட்டைப் பையில் கைவிட்டுக் கசங்கிய ஸ்டிக்கர் ஒன்றை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். மேற்குத் தாம்பரம் கடையின் பெயர். பக்கத்திலேயே நேற்றைய தேதி.

“பெட்டிக்கு அடியில ஒட்டியிருந்துச்சு. அடுத்த தடவை வீட்லயே உரிச்சுட்டு வாங்க.”

“சார், மன்னிச்சுடுங்க. தெரியாம... வேலையை மட்டும்...”

“அதை விடுங்க. பொழிச்சலூர்ல என்ன சொன்னாங்க?”

“அப்புறமா சொல்றோம்னாங்க. அது... உங்களுக்கு எப்படி சார் தெரியும்?”

சார் வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“மாடியில பிரின்சிபால் வேலைக்கு ஆறு பேர் உட்கார்ந்திருந்தோம், மிஸ். எனக்கும் அதையேதான் சொல்லி அனுப்பினாங்க.”