நாற்று அறைக்கு வெள்ளை விளக்கு

“தட்டு தூக்கற பெருசை வேலையை விட்டு நிறுத்திடுங்க சார்.”

எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் வாய் திறந்து கேட்டுவிடாதே என்று வீட்டில் கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவள் கேட்டே விட்டாள்.

மேனேஜர் வாய்க்குக் கொண்டுபோன டம்ளரைக் கீழே வைத்தார். “என்னம்மா, லைட்டு விஷயத்துல ஜெயிச்சதும் தலைகால் புரியலையா?”

ஜெயித்தது உண்மைதான். ஜன்னலே இல்லாத அந்த நாற்று அறையில், அடுக்கடுக்கான தட்டுகளுக்கு மேல் போன வாரம் வரை ஊதா விளக்குதான் எரிந்தது. சிவப்பும் நீலமும் கலந்த வெளிச்சம். பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் படம் பிடித்துக்கொண்டு போவார்கள்; முதலாளிக்கு அதில் ஏகப் பெருமை.

ஆனால் அந்த வெளிச்சத்தில் பச்சை இலை கறுப்பாகத் தெரியும். போட்டிருக்கிற வெள்ளைக் கோட்டே ஊதாச் சிவப்பாகத் தெரியும். நேற்று முளைத்து இன்று இரண்டிலை விட்ட தக்காளி நாற்று தண்டடியில் அழுகினால், அது சாய்ந்து விழும்வரை யார் கண்ணிலும் படாது.

“டிஸ்கோ நடத்தறதுன்னா ஊதா போடுங்க. நாத்து வளக்கறதுன்னா வெள்ளை போடுங்க” என்று மீட்டிங்கில் முகத்துக்கு நேராகச் சொன்னவள் அவள். விளக்கை உயரத்தில் கட்டினால் நாற்று வெளிச்சத்தைத் தேடி நூலாக நீண்டு ஒடிந்துவிடும், ஒரு சாண் இடைவெளி போதும் என்று கையை விரித்து அளந்தும் காட்டினாள். குடும்பத்திலேயே முதன்முதலாகக் காலேஜ் வாசலை மிதித்தவளுக்கு வாயைப் பார் என்றார்கள்.

வெள்ளை டியூப் எரிந்த முதல் நாளே நோய் கண்ட தட்டுகள் பிடிபட்டன. எல்லாரும் நாற்றைக் குனிந்து பார்த்தபோது அவள் மட்டும், தட்டு தூக்கிக்கொண்டு நின்ற பெருசையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவரு என்னம்மா தப்புப் பண்ணாரு?”

“சும்மா சும்மா இருமறாரு. துண்டு அழுக்கா இருக்கு. பிஞ்சு நாத்துக்கு ஆகாது.”

“துண்டுக்காக ஒரு ஆளோட வேலையா? தினம் சாயங்காலம் அதை இங்கயே அலசிப் பிழிஞ்சிட்டுத்தான் அந்த மனுஷன் வீட்டுக்குக் கிளம்பறாரு. அவரைப் போய் அழுக்குங்கற!” மேனேஜர் குரலை உயர்த்தினார். “இங்க ஒரு குடும்பத்துக்கு ஒருத்தருக்குத்தான் வேலை. மீறினா ரெண்டு பேரும் வெளிய. அதனால எனக்கு வேண்டியவன், வேண்டாதவன்னு யாரும் கிடையாது. இருந்தாலும் சொல்றேன், கூலிக்காரன் கஷ்டம் உனக்குமா தெரியாது?”

“தெரியும். நிறுத்துங்க.”

அவர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “சரி, ஒண்ணு குடுத்து ஒண்ணு வாங்கிக்க. ஊதா எங்கே, ஊதா எங்கேன்னு முதலாளி என் உசிரை எடுக்கறாரு. வெள்ளையைக் கழட்டிடலாம்னு உன் வாயாலயே சொல்லிடு. பெருசை இப்பவே அனுப்பிடறேன்.”

செத்தாலும் சொல்ல மாட்டாள் என்றுதான் அவர் நினைத்தார்.

“கழட்டிக்கோங்க. பார்க்க வேண்டியதைப் பார்த்தாச்சு.”

மேனேஜரும் அவளும் நாற்று அறைக்குப் போவதற்குள் செய்தி அங்கே போய்விட்டிருந்தது.

“முளைச்சு மூணு இலை விடல, அதுக்குள்ள வயசானவர் வயித்துல அடிக்கறா பாரு” என்றாள் விதை போடுகிற ஒருத்தி.

“செடியைப் படிச்சவடி அவ. மனுஷங்களை எங்க படிச்சா?” என்றாள் இன்னொருத்தி, நன்றாகக் கேட்கும்படி.

மேனேஜர் சொல்லி முடிக்கும்வரை பெருசு கையிலிருந்த தட்டைக் கீழே வைக்கவில்லை. பிறகு மெல்ல அவள் பக்கம் திரும்பினார்.

“கேட்டுட்டீங்களா மேடம்?”

உடனே மேனேஜர் பக்கம் திரும்பினார்.

“மேடம் சின்னப் பொண்ணு சார். ஏதோ கோவத்துல சொல்லிடுச்சு, மனசுல வெச்சுக்காதீங்க. எனக்கு ஒண்ணும் இல்ல. நல்லாத்தான்...”

இருமல் முந்திக்கொண்டது. தட்டு ஆட்டம் கண்டது. ஒற்றைக் கையால் துண்டை இழுத்து வாயைப் பொத்தினார். இருமி முடித்ததும் அவசரமாக அதை மடிக்கப் பார்த்தார்.

ஊதாவில் அத்தனை மாதம் மறைந்தது வெள்ளையில் மறையவில்லை. துண்டில் ஈரமாய் ஒரு சிவப்பு. அதைச் சுற்றி, அலசியும் போகாத பழைய சிவப்புகள்.

மேனேஜர் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

அவள் முன்னால் போனாள். தட்டை வாங்கி அடுக்கில் வைத்தாள். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றி, “இதையும் வெச்சுக்கோங்க” என்று மேனேஜர் கையில் திணித்தாள். பெருசின் கையைப் பிடித்து வாசலை நோக்கி நடந்தாள்.

“வேணாம் மேடம்... உங்க வேலையும் போயிடும் மேடம்...” அவர் காதோடு காதாகக் கெஞ்சினார்.

அவள் நிற்கவில்லை. குரலைத் தணிக்கவும் இல்லை.

“வேலையைச் சாக்கு சொன்னதும் போதும், மேடம்னு கூப்பிட்டதும் போதும் அப்பா, ஆஸ்பத்திரிக்கு வாங்க.”